பிற்பகலில் இடியுடன் மழைக்கு வாய்ப்பு

இன்று காலை உங்கள் கைப்பேசிக்கு வந்த வானிலைச் செய்தியைத் திறந்து பாருங்கள். "வெப்பமும் புழுக்கமும் நீடிக்கும். பிற்பகலில் சில இடங்களில் இடியுடன் மழைக்கு வாய்ப்பு." நேற்றும் இதுதான் வந்தது. இந்த வெயில் மாதங்கள் முடிகிறவரை அநேகமாக இதுதான் வரும். போன வாரம் நான் ஆபீசுக்கு வந்திருந்தபோது உங்களில் ஒருவர் கேட்டார்: "கிராணிம்மா, தினமும் ஒரே மாதிரிதான் லா வருது. இதை வெச்சுக்கிட்டு நாங்க என்னதான் செய்யறது?"

அன்று சரியாகப் பதில் சொல்லாமல் கிளம்பிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி மனதில் நின்றது. ஏனென்றால் அதே கேள்வியை நானும் ஒரு காலத்தில் கேட்டிருக்கிறேன். கேட்டதற்குக் கிடைத்த பதிலையும், அதற்குப் பிறகு நடந்ததையும் எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்களில் சிலருக்கு என்னைத் தெரியாது. கேமரன் மலையில் ரிங்லெட்டுக்கு மேலே உள்ள இந்தத் தேயிலைத் தோட்டத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் கணக்கும் கடிதமும் எழுதும் ஆபீஸ் கிராணியாக இருந்தேன். முன்பெல்லாம் கிராணியம்மா என்றால் கிராணியின் மனைவி. நான் அந்த மேசையில் உட்கார்ந்த பிறகு அந்தப் பெயர் என் வேலைக்கே ஒட்டிக்கொண்டது. மோட்டார் பட்டறையில் வேலை செய்த என் கணவரைத்தான் எல்லோரும் 'கிராணி வீட்டுக்காரர்' என்றார்கள். அவர் அதைச் சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொண்டார்.

வருகைப் பதிவு, கோப்பு, கடிதம் எல்லாம் உங்களுக்கு யாராவது சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். நான் சொல்ல வந்தது மலையில் நிற்கும் ஆட்களை எப்போது கூப்பிடுவது என்பதைப் பற்றி.

நான் ஓய்வுபெறுவதற்குச் சில வருஷங்கள் முன்பு தோட்டத்தில் ஒரு புது ஏற்பாடு வந்தது. ஆபீசில் ஒருவர் வானிலையைக் கவனிக்க வேண்டும். மின்னல் வரும்போல இருந்தால் வேலைக்காட்டில், அதாவது தேயிலைச் சரிவில், உள்ளவர்களைக் கீழே இறக்கச் சொல்ல வேண்டும். தோட்ட மேனேஜரான துரை அந்தப் பொறுப்பை என்னிடம் கொடுத்தார். துரை என்றவுடன் பழைய வெள்ளைக்காரரை நினைக்க வேண்டாம். இவர் ஈப்போக்காரர், தமிழர், என்னைவிடப் பத்து வயது இளையவர். என்னை ஏன் தேர்ந்தெடுத்தார் என்று கேட்டேன். "உங்க மேசைதான் ஜன்னல் பக்கம் இருக்கு," என்றார். அவ்வளவுதான் எனக்கிருந்த தகுதி.

காலையில் வரும் செய்தியை ஆபீஸ் வாசலில் உள்ள வெள்ளைப் பலகையில் எழுதுவேன். ஆட்கள் வேலைக்குப் பிரிந்து போகும்போது அதைப் பார்த்துவிட்டுப் போவார்கள். முதல் வாரம் படித்தார்கள். இரண்டாவது வாரத்தில் யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. நானும் அவர்களைக் குறை சொல்ல முடியாது. 'சில இடங்களில்' என்றால் எந்த இடம்? 'வாய்ப்பு' என்றால் எவ்வளவு? செய்தி முழு மலைப்பகுதிக்கும் சேர்த்து வருகிறது. எங்கள் ஆட்களோ ஒரு மலையின் ஒரு சரிவில் நிற்கிறார்கள்.

அந்த வருஷம் புழுக்கம் அதிகமாக இருந்தது. கேமரன் மலையில் இருக்கிறோம் என்பதே மறந்துவிடும். பத்து மணிக்கெல்லாம் பனி விலகி, வெயில் சுள்ளென்று விழும். பதினொரு மணிக்கு ஆபீஸ் நாற்காலியில் முதுகு ஒட்டும். மத்தியானம் எங்காவது இடி கேட்கும். அது எங்கே விழுந்தது என்பது மறுநாள்தான் தெரியும்.

ஒரே வாரத்தில் மூன்று முறை நான் தப்பாகக் கூப்பிட்டேன். மூன்று நாளும் பலகையில் அந்த வரி இருந்தது, வானத்தில் கொஞ்சம் மேகமும் இருந்தது. மூன்று நாளும் மத்தியானம் ஒரு மணிக்கு வேலையை நிறுத்தி ஆட்களை இறக்கச் சொன்னேன். மூன்று நாளும் எங்கள் சரிவில் ஒரு சொட்டு விழவில்லை. முதல் நாள் திரிங்காப்பில் பூச்செடிகள் சாயும் அளவுக்குப் பெய்ததாம். இரண்டாம் நாள் கோலா தெர்லாவில் காய்கறி லோரிகள் ஒரு மணி நேரம் நகரவில்லையாம். மூன்றாம் நாள் எங்கேயும் இல்லை. எங்கள் மலையில் கொழுந்து வெட்டாமல் நின்று முற்றியது. ஃபேக்டரியில் இலை வராமல் ஆட்கள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள்.

மலை உச்சியில் இருக்கும் பத்தொன்பதாம் நம்பர் காட்டுக்கு மாரிமுத்து என்பவர் மண்டோர். இருபத்தோரு பேரை வைத்து வேலை வாங்குகிறவர். அதட்ட மாட்டார், ஆனால் அவர் சொல்லும் ஒரு வார்த்தை நாள் முழுக்கக் குத்திக்கொண்டிருக்கும். மூன்றாம் நாள் சாயங்காலம் ஆபீசுக்கு வந்து என் மேசை முன்னால் நின்றார்.

"கிராணிம்மா, நாளைக்கு எத்தனை மணிக்கு எங்களைக் கூப்பிடுவீங்கன்னு இப்பவே சொல்லிருங்க. அதுக்கேத்த மாதிரி சோறு கட்டிட்டு வரோம்."

அவர் போன பிறகு துரை கூப்பிட்டார். கோபப்படவில்லை. "பாருங்க, உங்க மேல தப்பு சொல்லல. இனிமே நிச்சயமா தெரிஞ்சா மட்டும் கூப்பிடுங்க," என்றார்.

கேட்கும்போது அது நியாயமாகத்தான் இருந்தது. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. நிச்சயமாகத் தெரிவது எப்போது? இடி தலைக்கு மேல் இடிக்கும்போதுதானே?

மறுநாள் காலை வானிலை அலுவலகத்துக்குப் போன் செய்தேன். ஒரு பெண் எடுத்தார். அவருடைய பெயரை நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மலாய்க்காரப் பெண்மணி, என் வயது இருக்கலாம். குரலில் அவசரமே இல்லை. பேசியது மலாயில், நான் தமிழில் எழுதுகிறேன். மூன்று நாள் ஆட்களை வீணாக இறக்கியதை முதலில் சொன்னேன்.

"இன்றைக்கு எங்கள் தோட்டத்தில் இடி வருமா, வராதா என்று நிச்சயமாகச் சொல்ல முடியுமா?" என்று கேட்டேன்.

"நிச்சயமாகத் தெரிந்தால் வாய்ப்பு என்று ஏன் எழுதப்போகிறேன்?" என்றார். பிறகு, "மூன்று நாள் ஆட்களை இறக்கினேன் என்கிறீர்களே. எதைப் பார்த்து இறக்கினீர்கள்? வானத்தையா, என் செய்தியையா?" என்று கேட்டார்.

நான் யோசித்துப் பார்த்தேன். உண்மையைச் சொன்னேன். "உங்கள் செய்தியை."

"என் செய்தி உங்களை எழுப்பிவிடுவதற்கு. அதற்கப்புறம் பார்ப்பது உங்கள் வேலை. உங்கள் மலை எனக்குத் தெரியாது. சரி, இதைச் சொல்லுங்கள். உச்சியில் இருப்பவர்கள் பத்திரமான இடத்துக்கு வர எவ்வளவு நேரம் ஆகும்?"

எனக்குத் தெரியவில்லை. லோரி வந்தால் சீக்கிரம், வராவிட்டால் தாமதம் என்று ஏதோ சொன்னேன்.

"முதலில் அதைத் தெரிந்துகொள்ளுங்கள்," என்றார். "உங்களுக்கு நாற்பது நிமிஷம் வேண்டும் என்றால், இடி வருவதற்கு நாற்பது நிமிஷம் முன்னால் நீங்கள் முடிவு எடுத்தாக வேண்டும். அந்த நேரத்தில் வெயில்தான் அடித்துக்கொண்டிருக்கும். யாரும் உங்களை நம்ப மாட்டார்கள். அதற்குத் தயாராக இருங்கள்."

அந்த அம்மாவை நான் கடைசிவரை நேரில் பார்க்கவே இல்லை. என் வேலையில் எனக்குக் கிடைத்த குரு என்றால் அந்தக் குரல்தான்.

அந்தச் சனிக்கிழமை மலை உச்சிக்கு நடந்து போனேன். பத்தொன்பதாம் நம்பருக்கு இரண்டு வழி. ஒன்று வளைந்து வளைந்து ஏறும் மண் ரோடு, வண்டிக்கு இருபது நிமிஷம். இன்னொன்று செடிகளுக்கு நடுவே இறங்கும் குறுக்குப் பாதை, செம்மண் சரிவு, ஆட்கள் வேகமாக இறங்கினால் இருபத்தைந்து நிமிஷம். மேலே ஒரு கொட்டகை. நான்கு கால், தகரக் கூரை, சுவர் கிடையாது. பக்கத்தில் உயரமான ஒரு மரம். மழை வந்தால் எல்லோரும் அதற்குள் ஒதுங்குவார்கள். மழைக்கு அது போதும். மின்னலுக்கு அதைப் போல மோசமான இடம் கிடையாது. இத்தனை வருஷம் ஆபீசில் இருந்தும் அதை நான் யோசித்ததே இல்லை.

அடுத்த வாரம் ஒரு நாள். காலைச் செய்தியில் புதிதாக எதுவும் இல்லை, அதே வரி. பதினொன்றரை மணிக்குக் கை கழுவ ஆபீஸ் பின்பக்கம் போனேன். ஆபீசில் தேநீர் போடும் செல்வி காலையில் காயப்போட்ட துண்டு கொடியில் அப்படியே ஈரமாகத் தொங்கியது. வெயில் அடிக்கிறது, ஆனால் துணி காயவில்லை. ஒரு இலை அசையவில்லை. தப்பாகக் கூப்பிட்ட மூன்று நாளும் காற்று இருந்தது. மேகங்கள் பிய்ந்து பிய்ந்து வடக்கே திரிங்காப் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தன. இன்று தாப்பா பக்கத்துப் பள்ளத்திலிருந்து ஒரே ஒரு மேகம் நேராக மேலே எழும்பிக்கொண்டிருந்தது. அடி தட்டையாக, கறுப்பாக. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் உச்சி பக்கத்து மலையைத் தாண்டியது.

வானிலை அலுவலகத்துக்குப் போன் போட்டேன். அதே அம்மா. நான் பார்த்ததைச் சொன்னேன். ஏதோ பட்டன் தட்டும் சத்தம் கேட்டது. ரேடார் படத்தைப் பார்க்கிறார் என்று புரிந்தது.

"மலையடிவாரத்தில் ஒன்று வளர்கிறது. மெதுவாகத்தான் நகர்கிறது. உங்கள் பக்கம் வரலாம். வரும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன்."

"எனக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது?"

"வந்தால், ஒரு மணி நேரத்துக்குள்."

துரை தானா ராத்தாவில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். போன் அடித்தேன், எடுக்கவில்லை. கொழுந்து ஏற்றிய லோரி ஃபேக்டரியில் வரிசையில் நின்றது. இன்னொரு லோரி பட்டறையில், சக்கரம் கழற்றிக் கிடந்தது. வாக்கி டாக்கியில் மாரிமுத்துவைக் கூப்பிட்டேன்.

"மண்டோர், மேகம் சரியில்ல. எல்லாரையும் நிறுத்துங்க."

"இங்க வெயில் கொளுத்துது கிராணிம்மா. மறுபடியுமா?"

"மறுபடியும்தான்."

"லோரி வரட்டும், பாப்போம்," என்று வைத்துவிட்டார்.

லோரி வராது என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் குறுக்குப் பாதையில் இறங்கச் சொல்ல வேண்டும். இருபத்தைந்து நிமிஷம் திறந்த சரிவில், நெஞ்சளவு செடிகளுக்கு நடுவே, எல்லாவற்றையும்விட உயரமாகத் தெரிந்துகொண்டு இறங்க வேண்டும். நடுவழியில் மின்னல் பிடித்தால் ஒதுங்க ஒரு இடம் கிடையாது.

அப்போதுதான் வாசலில் தோட்டத்துப் பள்ளி பஸ் கண்ணில் பட்டது. டிரைவர் ஆறுமுகம் அண்ணன் பிள்ளைகளை ஏற்றிவரக் கிளம்பத் தயாராக முன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மேலே கூரை, நான்கு பக்கமும் தகடு, மூடும் ஜன்னல். தோட்டத்தில் அன்று இருந்த ஒரே மூடிய வண்டி அதுதான்.

அந்த நிமிஷம் எனக்கு ஒன்று தெளிவானது. ஆட்களைக் கீழே கொண்டுவருவது என் வேலை இல்லை. மூடிய ஒன்றுக்குள் உட்காரவைப்பதுதான் என் வேலை. அது மலை உச்சியில் நின்றால் என்ன?

தமிழ்ப் பள்ளித் தலைமையாசிரியைக்குப் போன் செய்தேன். "டீச்சர், பஸ் இன்னிக்கு லேட்டா வரும். பிள்ளைங்களை வகுப்புக்குள்ளேயே வெச்சிருங்க. யாரையும் நடந்து வர விடாதீங்க."

"எவ்வளவு லேட்டாகும்?"

"தெரியல டீச்சர்."

"அம்மா அப்பா கேட்டா என்ன சொல்றது?"

"அவங்களைக் கூட்டிட்டு வரத்தான் பஸ் மேல போகுது."

"சரி. நான் பாத்துக்கறேன்," என்றார்.

ஆறுமுகம் அண்ணன் கேட்டார். "அந்த மண் ரோட்டுல பஸ்ஸை ஏத்தச் சொல்றீங்க. ஏறிரும். மழை பேஞ்சா எப்படி இறக்கறது?"

"இறக்க வேணாம். மழை விடற வரைக்கும் மேலேயே நிக்கட்டும்."

"பஸ் காட்டுக்குள்ள போகக் கூடாதுன்னு ரூல் இருக்கு."

"இருக்கு. நான் எழுதி வெச்சிட்டு வரேன்."

ஆபீஸ் குறிப்பேட்டில் நேரத்தைப் போட்டு, பஸ்ஸை என் பொறுப்பில் பத்தொன்பதாம் நம்பருக்கு அனுப்புகிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். செல்வியை ஆபீஸ் ரேடியோ பக்கத்தில் உட்காரச் சொல்லிவிட்டு, வாக்கி டாக்கியை எடுத்துக்கொண்டு நானும் பஸ்ஸில் ஏறினேன். வாக்கி டாக்கியில் நம்பாதவரை நேரில்தான் நம்பவைக்க வேண்டும். உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். வழக்கத்தை மீறும்போது பெயரையும் நேரத்தையும் எழுதிவிடுங்கள். எழுதிய பிறகு கை தயங்காது.

மேலே போய்ச் சேர்ந்தபோது நல்ல வெயில். பள்ளி பஸ் காட்டுக்குள் வருவதைப் பார்த்து எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். "கிராணிம்மா, ஸ்கூலுக்கா கூட்டிட்டுப் போறீங்க?" என்று ஒரு அக்கா கேட்டாள். மாரிமுத்து சிரிக்கவில்லை.

"இன்னும் ரெண்டு வரிசை இருக்கு. முடிச்சிட்டு ஏறுறோம்."

"வேணாம் மண்டோர். இப்பவே ஏறணும்."

"மழை வரும்னு நிச்சயமா தெரியுமா?"

கொட்டகைக்குப் பின்னால் உள்ள முகடு மறைத்ததால் மேகம் அங்கிருந்து தெரியவில்லை. கைகாட்டிச் சொல்ல எனக்கு எதுவுமில்லை. பொய் சொல்லியிருக்கலாம். 'வானிலை ஆபீஸ்ல சொல்லிட்டாங்க' என்று சொல்லியிருந்தால் ஏறியிருப்பார்கள். மறுமுறை யாரும் ஏற மாட்டார்கள்.

"தெரியாது," என்றேன். "நிச்சயமில்லாமத்தான் கூப்பிடுறேன். நிச்சயமாகற வரைக்கும் காத்திருந்தா உங்களை ஏத்த நேரம் இருக்காது. மழை வரலன்னா நாளைக்கு எல்லார் முன்னாடியும் என்னைத் திட்டுங்க. இப்ப ஏறுங்க."

மாரிமுத்து என் முகத்தைப் பார்த்தார். பிறகு பஸ்ஸைப் பார்த்தார். கழுத்தில் தொங்கிய விசிலை எடுத்து மூன்று முறை ஊதினார்.

கொழுந்து வெட்டும் இயந்திரங்களைச் செடிகளுக்கு நடுவிலேயே வைத்து மூடச் சொன்னேன். ஒவ்வொருவராக ஏறும்போது நான் எண்ணினேன். மண்டோரையும் சேர்த்து இருபத்திரண்டு பேர் இருக்க வேண்டும். இருபத்தொருவர் இருந்தார்கள்.

"பீம் எங்க?" என்றார் மாரிமுத்து. பீம் நேபாளத்திலிருந்து வந்து பல வருஷமாக எங்களோடு இருப்பவர். குடிதண்ணீர் எடுக்கப் பள்ளத்து ஊற்றுக்குப் போனதாக ஒருவர் சொன்னார். போய்க் கால் மணி நேரம் ஆகியிருக்கும்.

அப்போது மலைக்கு அந்தப் பக்கத்தில் முதல் இடி உருண்டது. பஸ்ஸுக்குள் சிரிப்பு நின்றுவிட்டது. மாரிமுத்து படியில் கால் வைத்து இறங்கப் போனார்.

"நான் போய்க் கூட்டிட்டு வரேன்."

நான் படியை மறித்து நின்றேன். "ஒருத்தரைக் காணோம். நீங்களும் போனா ரெண்டு பேரைக் காணோம்னு ஆகும்."

"என் ஆளும்மா அவன்."

"எனக்கும்தான். ஆறுமுகம் அண்ணே, ஹாரன் அடிச்சிக்கிட்டே இருங்க."

அந்த ஹாரன் சத்தம் பள்ளத்துக்குள் போய்த் திரும்பி வந்தது. பீம் வரவில்லை. ஐந்து நிமிஷத்தில் வெயில் அணைந்தது. அடுத்த ஐந்து நிமிஷத்தில் எதிரே இருந்த செடி வரிசையே தெரியாத அளவுக்கு மழை. ஆறுமுகம் அண்ணன் இன்ஜினை அணைத்தார். ஜன்னல்களை ஏற்றி, கம்பியைத் தொடாமல் கையை மடியில் வைத்து உட்காரச் சொன்னேன். மின்னல் வெட்டும்போதெல்லாம் பஸ்ஸுக்குள் இருந்த எல்லா முகமும் ஒரு நொடி வெள்ளையாகத் தெரிந்து மறைந்தது. இடைவெளியே இல்லாமல் இடித்தது. மூச்சுக்காற்றில் கண்ணாடி வியர்த்தது. ஒரு அக்கா மட்டும் முருகன் பெயரை முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள்.

மாரிமுத்து படிக்கட்டுப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். வாக்கி டாக்கியில் செல்வியைக் கூப்பிட்டேன், பதில் இல்லை. இடி இடித்தால் ஆபீஸ் ரேடியோவின் ஆன்டெனா வயரைப் பிடுங்கிவிட வேண்டும் என்று விதி போட்டவளே நான்தான். செல்வி அதன்படி செய்திருப்பாள்.

நீங்கள் கேட்பீர்கள், மண்டோரைத் தடுத்தது சரியா என்று. எனக்கு இன்றுவரை தெரியாது. அந்த முக்கால் மணி நேரத்தில் அது சரி என்று நூறு முறை நினைத்தேன், தப்பு என்று நூறு முறை நினைத்தேன். எல்லா முடிவுக்கும் பின்னால் நிம்மதி வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். சில முடிவுகளை எடுத்துவிட்டு அதோடு உட்கார்ந்திருக்கத்தான் வேண்டும்.

இடி மெல்ல வடக்கே தள்ளிப் போனது. ரேடியோ கரகரத்தது. செல்வியின் குரல்.

"கிராணிம்மா, கேக்குதா? பீம் அண்ணன் இங்கதான் இருக்காரு. நீங்க எல்லாரும் பத்திரமான்னு கேட்டு சத்தம் போடறாரு."

மாரிமுத்து என் கையிலிருந்து ரேடியோவைப் பிடுங்கினார். "அவன்கிட்ட குடு."

பீமின் தமிழில் பாதி மலாய் இருக்கும். ஊற்றுப் பக்கத்தில் நின்றபோது பள்ளத்தின் இடைவெளி வழியாக அவருக்கு அந்த மேகம் முழுசாகத் தெரிந்திருக்கிறது. "ஹூஜான் பெசார் மண்டோர். பெரிய மழை. மேலே ஏறினா நேரம் ஆகும். ஆபீஸ்ல சொன்னா கிராணி உங்களை இறக்கும்னு ஓடி வந்தேன். இங்க கிராணி இல்ல."

குறுக்குப் பாதையில் ஓடி வந்திருக்கிறார். மழை தொடங்குவதற்குள் ஆபீஸ் வாசலைத் தொட்டிருக்கிறார். நாங்கள் அவருக்காக ஹாரன் அடித்துக்கொண்டிருந்த நேரத்தில், அவர் எங்களைக் காப்பாற்ற என்னைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறார்.

பஸ்ஸில் யாரோ முதலில் சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். முருகன் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்த அக்கா சிரித்துக்கொண்டே அழுதாள். மாரிமுத்து ரேடியோவை என்னிடம் கொடுத்துவிட்டு, வியர்த்த கண்ணாடிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. நான் வேறு பக்கம் பார்த்தேன்.

மழை நின்று, ரோட்டில் தண்ணீர் வடியும்வரை இன்னும் ஒரு மணி நேரம் காத்திருந்தோம். இறங்கும் முன்பு மாரிமுத்து வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். தகரக் கொட்டகை அப்படியே நின்றது, பக்கத்து மரமும் நின்றது. இதை நான் மறைக்காமல் சொல்ல வேண்டும். கொட்டகையில் ஒதுங்கியிருந்தாலும் அன்று ஒருவேளை ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் குறுக்குப் பாதை பாதியில் அறுந்திருந்தது. செம்மண்ணும் செடிகளும் வேரோடு ஒரு வளைவு முழுக்கச் சரிந்து பள்ளத்தில் கிடந்தன. பீம் அந்த வளைவைக் கடந்தது மழைக்குக் கொஞ்சம் முன்னால்.

அதைப் பார்த்த பிறகு எல்லோரும் என்னைப் புகழ்ந்தார்கள். நான் மண் சரிவைப் பார்த்து முடிவு எடுக்கவில்லை. அது நடக்கும் என்று எனக்குத் தெரியாது. அன்று மழை வடக்கே நழுவியிருந்தால், அதே முடிவுக்கு நான் நான்காவது முறையாகத் திட்டு வாங்கியிருப்பேன். முடிவு ஒன்றுதான். என்ன நடந்தது என்பதை வைத்து உங்கள் முடிவை எடைபோடாதீர்கள். அந்த நிமிஷத்தில் என்ன தெரிந்தது, எவ்வளவு நேரம் இருந்தது, என்ன கையில் இருந்தது என்பதை வைத்துப் பாருங்கள்.

பஸ் ஊர்ந்து ஊர்ந்து இறங்கியது. ஆபீஸ் வாசலில் பீமை ஏற்றிக்கொண்டோம். மாரிமுத்து அவரைத் தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, "தண்ணி எங்கடா?" என்று மட்டும் கேட்டார். அங்கிருந்து நேராகப் பள்ளிக்குப் போனோம். பிள்ளைகள் நடைவழியில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சேறும் ஈரமுமாகத் தங்கள் பஸ்ஸில் அம்மா அப்பா வந்து இறங்குவதைப் பார்த்து அவர்களுக்குக் கொண்டாட்டம். தலைமையாசிரியை என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். ஒவ்வொரு பிள்ளையாக எண்ணி ஏற்றினார். பெரியவர்கள் மடியில் சிறியவர்கள் என்று நெருக்கி உட்கார்ந்து வீடு திரும்பினோம்.

துரை சாயங்காலம் வந்து குறிப்பேட்டைப் படித்தார். நான் எழுதியதற்குக் கீழே தன் கையெழுத்தையும் போட்டார். "நிச்சயமா தெரிஞ்சான்னு சொன்னேன்ல, அதை விட்ருங்க. உங்களுக்குத் தோணினா கூப்பிடுங்க. தப்பா போனா என்கிட்ட வரட்டும்," என்றார். அதன் பிறகு மலை உச்சியில் ஒரு மூடிய வண்டி நிற்காமல் வெயில் மாதங்களில் யாரும் வேலைக்கு ஏறியதில்லை. இன்று நீங்கள் பார்க்கும் அந்தப் பழைய வேன் அப்படி வந்ததுதான். மறுநாள் வானிலை அலுவலக அம்மாவுக்கும் போன் செய்து சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "எத்தனை மணிக்கு முதல் இடி?" என்று கேட்டார். சொன்னேன். எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது. "எல்லோரும் வந்துவிட்டார்கள், இல்லையா?" என்று இரண்டு முறை கேட்டுவிட்டுத்தான் வைத்தார்.

கடைசியாக ஒன்று. அன்று தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகள் பக்கம் எல்லோரும் இறங்கிப் போன பிறகு, நான் மட்டும் பஸ்ஸில் இருந்தேன். எழுந்திருக்கப் பார்த்தேன், முடியவில்லை. இரண்டு காலும் நடுங்கின. மலையில், மின்னலுக்கு நடுவில், படியை மறித்து நின்றபோது வராத நடுக்கம், எல்லாம் முடிந்து பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு வந்தது. உங்களுக்கும் ஒரு நாள் வரும். வெட்கப்படாதீர்கள். அது வந்தால் வேலை நல்லபடியாக முடிந்துவிட்டது என்று அர்த்தம்.

ஆறுமுகம் அண்ணன் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். இன்ஜினை அணைத்தார். ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டார். மழை கழுவிய குளிர்ந்த காற்று உள்ளே வந்தது.

"மெதுவா இறங்குங்க கிராணிம்மா," என்றார். "இன்னிக்கு வேற டிரிப் இல்ல."